பத்தொன்பது ஜங்கிள்வுட்

நான் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது பிரியா உட்கார்ந்திருக்கிறார். நெல்லியாளத்துக்குக் கீழே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசர். போன மாதம் குன்னூரில் இருக்கும் எனக்குப் போன் செய்தார்.

"சார், இப்பெல்லாம் இலையப் போன்ல படம் புடிச்சாப் போதும், மரத்தோட பேர் வந்துடுது. உங்க காலத்துல பேர் தெரியலன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"ஜங்கிள்வுட்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிருவோம்மா" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவரிடம் சொன்னது வேடிக்கைக்காகச் சொன்ன பொய் இல்லை. ஒரு முறை அப்படியே செய்திருக்கிறேன். அதை எழுதிக் கொடுங்கள் என்று பிரியா பிறகு இரண்டு முறை கேட்டார். ஆகையால் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்பா குன்னூரில் சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் படிப்பில் சுமார், ஆனால் கேள்வி கேட்பதில் வகுப்பிலேயே முதல். "உன் வாய்க்கு ஒரு நாள் லீவு குடுடா ஜேக்கப்" என்று அப்பா சொல்லுவார். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் இந்தக் கதை.

எஸ்டேட்டில் சேர்ந்த முதல் இரண்டு வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொழுந்து, கவ்வாத்து, மருந்து அடிப்பது, ஆள் வருகையைக் குறிக்கும் செக்ரோல் எழுதுவது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். மீதி நேரத்தில் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்தேன்.

எனக்கு மேலதிகாரி ரங்கசாமி. தோட்டத்து ஆட்கள் ஃபீல்டு ஆபீசரைக் கண்டக்டர் என்பார்கள். அவர் பெரிய கண்டக்டர், நான் சின்னக் கண்டக்டர். கோயமுத்தூர்ப் பக்கம் அன்னூர்க்காரர். நாய்க்குட்டியிடம் பேசினாலும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், "ங்க" இன்னும் ஒன்று கூடும். வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை. அதைப் பெரும்பாலும் விரிக்கமாட்டார். தேயிலைச் செடிகளை விலக்கிப் பார்க்கத்தான் அது.

அவரிடம் நான் கற்றுக்கொண்ட வேலைகளில் மரப் பதிவேடு ஒன்று. எஸ்டேட்டில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு எழுதி வைக்கும் பெரிய நோட்டு அது. எண், பெயர், சுற்றளவு, இடம், குறிப்பு என்று ஐந்து பத்தி. கேட்டால் சுலபம்தான். ரங்கசாமி செய்யும்போது சுலபமாக இருக்காது.

மரத்தை நெருங்கியதும் முதலில் அதைச் சுற்றி ஒரு முறை நடப்பார். சரிவில் நிற்கும் மரமானால் மேட்டுப் பக்கம் போய் நிற்பார். அங்கிருந்துதான் டேப் சுற்றும் உயரம் கணக்கு. நெஞ்சளவில் பட்டையில் ஒட்டியிருக்கும் பாசியை உள்ளங்கையால் தேய்த்து எடுப்பார். டேப்பைச் சுற்றி, அது பின்பக்கம் இறங்கியிருக்கிறதா என்று என்னைப் போய்ப் பார்க்கச் சொல்லுவார். பிறகு பட்டையை லேசாகச் சீவி சிவப்புப் பெயின்டில் எண். மரத்துக்குள் கத்தி இறங்கக் கூடாது. கடைசியாகத்தான் பெயர். நான் பெயரைச் சொன்னதும் பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.

"பாத்ததுங்களா, கேட்டதுங்களா?"

நீயே பார்த்து அடையாளம் தெரிந்து சொல்கிறாயா, யாரிடமாவது கேட்டுச் சொல்கிறாயா என்று அர்த்தம். இரண்டும் அவருக்குச் சம்மதம்தான். இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைத்தான் அவர் தேடுவார்.

அந்த மூன்றாவதற்கு எஸ்டேட் நோட்டுகளில் ஒரு பெயர் உண்டு. ஜங்கிள்வுட். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த வழக்கம். சில்வர் ஓக்கைத் தெரியும், பலாவைத் தெரியும், ஈட்டியைத் தெரியும். தெரியாத மரம் எல்லாம் ஜங்கிள்வுட். ஃபாக்டரி அடுப்புக்கு விறகு வேண்டும் என்றால் முதலில் புரட்டுவதும் அந்தப் பக்கங்களைத்தான்.

பதினோராம் நம்பர் ஃபீல்டுக்குக் கீழே ஒரு சதுப்பு. இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில், வருடம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் பத்தொன்பது மரங்கள் நின்றன. இலை உதிர்ந்து நான் பார்த்ததே இல்லை. வேர்கள் சேற்றிலிருந்து முழங்கால் மடக்கியதுபோல மேலே எழுந்து திரும்ப உள்ளே போகும். கோடையில் வெள்ளைப் பூ. இதழ் இருப்பது தெரியாது, நூல்நூலாக இருக்கும். அது உதிர்ந்து தண்ணீர் மேல் மிதக்கும்போது சதுப்பே வெளுத்துக் கிடக்கும். கரையில் கொழுந்துக்காரப் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டைப் புதிதாக எழுத வேண்டிய வருடம் வந்தது. மகள் கல்யாணத்துக்காக ரங்கசாமி பத்து நாள் லீவில் போயிருந்தார். திங்கட்கிழமை நோட்டு மேசைக்கு வர வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மானேஜரை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை மத்தியானம் சதுப்பு ஒன்றுதான் பாக்கி. மழை. அட்டைகள் கரையிலேயே வரிசை கட்டி எனக்காகக் காத்திருந்தன. நான் உள்ளே இறங்கவில்லை. கரையோரம் நின்ற மூன்று மரங்களைச் சுற்றி டேப் போட்டேன். மற்றப் பதினாறையும் நின்ற இடத்திலிருந்து கண்ணால் அளந்தேன். பெயர் என்ற பத்தியில் மேலே ஒரு தடவை ஜங்கிள்வுட் என்று எழுதிக் கீழே பதினெட்டு முறை "மேற்படி" போட்டேன்.

ரங்கசாமி வந்ததும் நோட்டைப் புரட்டினார். சதுப்புப் பக்கத்தில் நின்றார்.

"பாத்ததுங்களா, கேட்டதுங்களா?"

"பாத்ததுதானுங்க" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். கல்யாண அலைச்சலில் முகம் கறுத்திருந்தது. சரி என்று பக்கத்தின் அடியில் "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டார். அவர் நேரில் பார்க்காமல் போட்ட கையெழுத்து, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். என் வார்த்தையை நம்பிப் போட்டது.

ஐந்தாறு வருடங்கள் ஓடின. எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது. துரை மாறிப் புதிய துரை வந்தார். அந்த வருடம் ஃபாக்டரிக்கு விறகு தட்டுப்பாடு. பதிவேட்டைப் பார்த்து வெட்டவேண்டிய மரங்களின் பட்டியல் தயாரானது. மூன்றாம் நம்பர் ஃபீல்டில் சில்வர் ஓக், சதுப்பில் ஜங்கிள்வுட் பத்தொன்பது. காகிதத்தில் இருந்தபடி வனத்துறை அனுமதியும் வந்தது. காகிதத்தில் இருந்ததை எழுதியவன் நான்.

சதுப்பில் வெட்டு ஆரம்பித்த மூன்றாம் நாள் குஞ்ஞாலி என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். குஞ்ஞாலி எங்கள் தண்ணிக்காரர். கூடலூர்ப் பக்கத்து மலையாளி. தொழிலாளர் வீடுகளுக்குப் போகும் குழாய், தொட்டி, ஊற்று எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வீட்டு வரிசைகளை எங்கள் பக்கம் பாடி என்போம். மேல் பாடி, கீழ்ப் பாடி இரண்டுக்கும் தண்ணீர் அந்தச் சதுப்பிலிருந்துதான் போனது.

"சாரே, ஆ மரம் வெட்டண்டா" என்றார், வெட்ட வேண்டாம் என்று. "ஏழெண்ணம் போயி. மேல் பாடிக்குப் போற ஊத்துக்கண்ணு மேலகூடி வெட்டின தடி இழுக்கறாங்க. சேறு எறங்கி மூடும். ஆ மரம் நிக்கற எடத்துலதான் சாரே வெள்ளம், தண்ணி நிக்கும். அதுக்குப் பேரே குளவெட்டின்னாக்கும்."

"என்ன பேரு?"

"குளவெட்டி."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த மரத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆசை. எனக்கு இன்னும் கேட்கவேண்டும்போல இருந்தது. யார் வைத்த பெயர், வேறு எங்கே இருக்கிறது, காய் எப்படி இருக்கும்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல குஞ்ஞாலி?"

"நிங்க சோதிச்சில்லல்லோ" என்றார். நீங்கள் கேட்கவில்லையே என்கிறார். குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை.

நேராக ரங்கசாமியிடம் போனேன். அவர் ரிட்டயர் ஆக மூன்று மாதம் இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்து வைத்து, உள்ளே இறங்கவில்லை, கேட்கவும் இல்லை, உங்களிடம் பொய் சொன்னேன் என்று சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாங்க, போய்ப் பாப்போமுங்க" என்று குடையை எடுத்தார்.

வெட்டுகிற ஆட்களை மத்தியானம்வரை நிறுத்தி வைத்தார். பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது. முழங்கால்வரை சேறு. மீதி நின்ற பன்னிரண்டு மரங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கண்ணால் அளந்த மரங்களில் நான் எழுதியது ஒன்றுகூடச் சரியாக இல்லை. ஒரு மரம் நான் எழுதியதைப்போல இரண்டு பங்கு பருமன். இலையைக் கசக்கி மோந்தார், என்னிடம் நீட்டினார். நாவல் இலை வாசம் லேசாக இருந்தது.

"நாவலுங்களா?" என்றேன்.

"நாவலு மாதிரிங்க. மாதிரின்னு எழுத முடியாதுங்க. குஞ்ஞாலி சொன்ன பேரையும் இன்னும் நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் எழுதோணுமுங்க."

கரைக்கு வந்து, காலில் ஒட்டிய அட்டைகளைக்கூட எடுக்காமல், நோட்டை மடியில் வைத்தார். ஜங்கிள்வுட் என்பதை ஒரே கோடாக அடித்தார். அதற்கு மேல் சின்ன எழுத்தில் எழுதினார்: "பெயர் தெரியவில்லை. கேட்க வேண்டும்." பக்கத்தில் கையெழுத்து, தேதி.

அப்படியே சேற்றுக் காலோடு துரை பங்களாவுக்கு நடந்தோம். துரை வராந்தாவில் நின்று கேட்டார். ரங்கசாமி நோட்டைக் காட்டினார்.

"அனுமதி ஜங்கிள்வுட்டுக்குத்தானுங்க இருக்குது. இது ஜங்கிள்வுட்டு இல்லைங்க. பேர் தெரியாத மரமுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே ரங்கசாமி!"

"ஒண்ணு இல்லைங்க தொரை. ஜங்கிள்வுட்டுன்னா இனிக் கேக்க வேண்டியதில்லீன்னு அர்த்தமுங்க. தெரியாதுன்னா கேக்கோணும்னு அர்த்தமுங்க. கேட்டு முடிக்கறவரைக்கும் வெட்ட முடியாதுங்க."

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. ஏழு மரம் வெட்டிய பிறகு பதிவேட்டைத் திருத்தினால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினார். இதை முதலில் எழுதியது யார் என்றும் கேட்டார்.

நான் ரங்கசாமிக்கு இரண்டடி பின்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை, புதிய துரை, வேலை போய்விடுமோ என்ற பயம். இதெல்லாம் இப்போது சொல்லும் காரணம். அப்போது நாக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"சரிபாத்துக் கையெழுத்துப் போட்டது நானுங்க" என்றார் ரங்கசாமி.

வெட்டு நின்றது. அவருக்கு மெமோ வந்தது. முப்பத்து நான்கு வருட வேலையில் அவர் வாங்கிய முதல் மெமோ, கடைசியும் அதுதான். அதற்கு அவர் எழுதிய பதிலை நான்தான் டைப் அடிக்கக் கொடுத்தேன். "நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு" என்று ஒரே வரி. என் பெயர் அதில் இல்லை.

கேட்கவேண்டும் என்று எழுதியாகிவிட்டதே, கேட்க ஆரம்பித்தேன். ஒரு கொப்பைப் பையில் போட்டுக்கொண்டு போகிற இடமெல்லாம் நீட்டினேன். பைக்காராவில் வேலை பார்த்த என் மச்சான் வேறொரு மரத்தின் பெயரை அடித்துச் சொன்னார். கட்டபெட்டில் ஒரு படகர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எங்கள் மலை உயரத்தில் வளரும் மரம் இல்லை என்று நேர்மையாகக் கையை விரித்தார். மேல் பாடியில் முத்தம்மா என்று ஒரு கொழுந்துக்காரர். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர் இலையைப் பார்க்கவே இல்லை. "அதுவா ஐயா, பீலி மரம்" என்றார். மரத்தடியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருகிறதே, அதனால். தண்ணீர்க் குழாயை அவர்கள் பீலி என்பார்கள். கேட்கக் கேட்க ருசி கூடியது. ஒரே மரம், ஒவ்வொருவருக்கும் அது செய்கிற வேலையை வைத்து ஒரு பெயர். எங்களுக்கு மட்டும்தான் அது விறகு.

கோயமுத்தூரில் ஒரு காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியருக்கும் கொப்பை அனுப்பினேன். பூ இல்லாமல் சொல்ல முடியாது என்று கார்டு போட்டார். கோடைவரை காத்திருந்தேன்.

இதற்கு நடுவில் ரங்கசாமி ரிட்டயர் ஆனார். சந்தன மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தோம். பஸ் ஏறும்வரை கூடப் போனேன். அங்கே கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு என் பேரச் சொல்லியிருக்கலாமேங்க?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

ஏப்ரலில் பூத்தது. பன்னிரண்டு மரத்துப் பூவும் தண்ணீர் மேல் கிடந்தது. பூவையும் இலையையும் நியூஸ்பேப்பருக்குள் வைத்து அழுத்திப் பேராசிரியருக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. நாவல் குடும்பம்தான், ஆனால் நாவல் இல்லை. இப்படிச் சதுப்பில் மட்டும் வளர்வது, அதிக இடங்களில் கிடையாது, எத்தனை மரம் நிற்கிறது என்று உடனே எழுதவும் என்று கேட்டிருந்தார். லத்தீனில் நீளமாக ஒரு பெயர். அதற்குப் பக்கத்தில், மலையாளத்தில் குளவெட்டி என்று வழங்கும் என்றும் இருந்தது. குஞ்ஞாலி முதல் நாளே சொன்ன அதே பெயர்.

சின்னப் பிள்ளைபோல ஆகிவிட்டேன். பதிவேட்டில் பன்னிரண்டு வரியிலும் "மேற்படி" போடாமல் குளவெட்டி, குளவெட்டி என்று முழுதாக எழுதினேன். கேட்டது யாரிடம் என்ற குறிப்பில் முதலில் குஞ்ஞாலி பெயர், பிறகுதான் பேராசிரியர். அந்தச் சந்தோஷத்தில் கடிதத்தை எடுத்துக்கொண்டு குஞ்ஞாலியைத் தேடி மேல் பாடிக்கு ஏறினேன்.

அங்கே குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. குழாயில் தண்ணீர் இல்லை. ஒரு வாரமாக இல்லையாம். கோடை எல்லா இடத்திலும் கடுமைதான். ஆனால் கீழ்ப் பாடியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஊற்று பன்னிரண்டு மரத்தின் அடியில் இருந்தது. மேல் பாடியின் ஊற்றுக்கண் தடி இழுத்த சேற்றில் அடைந்து, நிழலும் இல்லாமல் காய்ந்து கிடந்தது. குஞ்ஞாலி இரண்டு முறை தோண்டிப் பார்த்துவிட்டார். பதினாறு வீட்டுக்காரர்களும் கீழ்ப் பாடியிலிருந்து மேடு ஏறித் தண்ணீர் தூக்கினார்கள்.

முத்தம்மா இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடத்தோடு ஏறி வந்தார். பகலெல்லாம் கொழுந்து எடுத்த உடம்பு. என்னைப் பார்த்ததும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"கண்டக்டரய்யா, அந்த மிச்ச மரத்த நீங்கதான் காப்பாத்தினீங்கன்னு குஞ்ஞாலி சொன்னாரு. நீங்க இல்லாட்டிக் கீழ்ப் பாடி லயத்துலயும் தண்ணி இருக்காது. நல்லா இருக்கோணும் ஐயா நீங்க."

கையில் கடிதம் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் கேட்ட குரல் விடவில்லை.

"இல்லீங்க. காப்பாத்தினது பெரிய கண்டக்டர். வெட்டறதுக்கு எழுதிக் குடுத்தது நான். சேத்துல எறங்கச் சோம்பப்பட்டு, பேர் கேக்காம ஜங்கிள்வுட்னு எழுதிட்டேன். ஏழு மரம் போனது என்னாலதான்."

குழாயடியில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். முத்தம்மா முகத்தில் சிரிப்பு மெல்லப் போயிற்று. தலையில் இருந்த குடத்தை இறக்கிக் கீழே வைத்தார். திட்டுவார், இல்லை அழுவார் என்று நினைத்தேன்.

"அப்ப இந்தக் கொடத்தத் தூக்குங்க ஐயா" என்றார்.

கண்டக்டர் ஒரு தொழிலாளி வீட்டுக்குத் தண்ணீர் தூக்குவதை அந்த எஸ்டேட் அதுவரை பார்த்ததில்லை. கடிதத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் மேடு ஏறினேன். பாதித் தண்ணீர் சட்டையில் போயிற்று. வாசலில் இறக்கி வைத்ததும் அவர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்குச் சிந்தாம கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோடை மழை வந்து ஊற்று திறக்க முப்பத்தொரு நாள் ஆயிற்று. தினமும் வேலை முடிந்ததும் போனேன். முத்தம்மா ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.